பழைய வேதாகமமா, புதிய மொழிபெயர்ப்பா? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்களில் 20 வருடமாக ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். கிழமை நாட்களில் லயத்து வீடுகளில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) நடக்கும் ஜெபக்கூட்டங்களுக்கும் போவேன். போகிற இடமெல்லாம் வேதாகமத்தைப் பற்றி ஒரே சந்தேகங்கள்தான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைக்கிறேன். இதில் "பழையது" என்றால், நம் வீடுகளில் கறுப்பு அட்டையோடு இருக்கும் பரிசுத்த வேதாகமம். "புதியது" என்றால் 1995-ல் வெளிவந்த திருவிவிலியம். வேறு பதிப்புகளைச் சொல்லும்போது பெயரோடு சொல்கிறேன்.

டீச்சர், பழையது பழையது என்கிறோமே, அது எவ்வளவு பழசு?

1871. ஹென்றி பவர் என்ற மிஷனரியின் தலைமையில் ஒரு குழு பல வருடம் உட்கார்ந்து செய்த வேலை அது. அதனால்தான் பெரியவர்கள் அதைப் பவர் திருப்புதல் என்பார்கள். வெவ்வேறு சபைகள் சேர்ந்து ஏற்றுக்கொண்டதால் ஐக்கியத் திருப்புதல் என்றும் பெயர்.

அந்தக் காலத்தில் இந்த மலைகளில் இருந்தது கோப்பித் தோட்டம். தோட்டத் தொழிலாளர்களுக்கென்று தொடங்கிய தமிழ் கூலி மிஷன் 1854-லேயே இங்கே வேலையை ஆரம்பித்துவிட்டது. ஆக, நம் முன்னோர்களில் முதலில் வேதத்தைக் கேட்டவர்களின் காதில் விழுந்தது இந்தப் "பழையது" அல்ல, அதற்கும் முந்தியது. அவர்கள் காலத்தில் இதுதான் புதியது.

அப்போ தமிழில் முதல் வேதாகமம் எது?

தரங்கம்பாடியில் 1706-ல் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து 1715-க்குள் அச்சிட்டு முடித்தார். அவர் தொடங்கிய பழைய ஏற்பாட்டை சூல்ட்சே முடித்தார். பிறகு பப்ரிசியஸ் வந்து எல்லாவற்றையும் புதிதாகச் செய்தார். அவருடைய மொழிபெயர்ப்பை லுத்தரன் சபையார் பொன்போல வைத்திருந்தார்கள், பவர் திருப்புதல் வந்த பிறகும் லேசில் விடவில்லை.

நம் இலங்கைக்கும் இதில் பங்கு உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் பிலிப்பு தெ மெல்லோ செய்த புதிய ஏற்பாடு 1759-ல் கொழும்பில் அச்சானது. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் உதவியோடு செய்த மொழிபெயர்ப்பு 1850-ல் வந்தது. சைவத்துக்காகவே வாழ்ந்த நாவலரின் தமிழ் நம் வேதத்துக்கும் உழைத்திருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

இத்தனை வருஷமா வாசிச்சோமே, பழசுல அப்படி என்ன குறை?

வேதத்தில் குறை இல்லை. நம் தமிழ் நகர்ந்துவிட்டது. மத்தேயு 11:28-ஐ எடுங்கள்: "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள்." ஞாயிறு பள்ளியில் இதன் அர்த்தத்தைக் கேட்டேன். ஒரு பிள்ளை, "காய்ச்சல் வந்தவங்களை இயேசு கூப்பிடுறாரு" என்றது. இங்கே வருத்தம் என்றால் நோய்தானே. இன்னொரு பிள்ளை கவலை என்றது. 1871-ல் அந்தச் சொல்லுக்குள் பாடுபடுவது, உடம்பு நோக உழைப்பது எல்லாம் இருந்தது. புதியதில் "பெருஞ்சுமை சுமந்து சோர்ந்திருப்பவர்களே" என்று இருக்கிறது. அதை வாசித்ததும் அந்தப் பிள்ளை, "எங்கம்மா கொழுந்து மூட்டையைத் தூக்கிட்டு நிறுவைக்கு வருவாங்களே, அந்த மாதிரியா டீச்சர்?" என்றது. அந்த மாதிரியேதான்.

அப்புறம் "ஜாதி". "சகல ஜாதிகளையும் சீஷராக்கி" என்று மத்தேயு 28:19-ல் வாசிக்கும் பிள்ளைக்கு அது என்னவாகக் கேட்கும்? அன்றைக்கு அந்தச் சொல் இனம், நாட்டு மக்கள் என்ற பொருளில் வந்தது. இன்றைக்கு அப்படி இல்லை. புதியது "எல்லா மக்களினத்தாரையும்" என்கிறது. ஏசா விற்ற "சேஷ்டபுத்திரபாகம்" இன்னொன்று. மூத்த மகனுக்குரிய உரிமை என்று நான் சொல்லிக்கொடுக்காமல் எந்தப் பிள்ளைக்கும் அது விளங்கியதில்லை.

தேவன் என்பதைக் கடவுள் என்று மாற்றலாமா? கடவுள் இந்துக்களுடைய சொல் அல்லவா?

இதைக் கேட்பவர்கள் உண்மையான பயபக்தியோடுதான் கேட்கிறார்கள். ஆனால் தேவன் என்ற சொல்லும் நமக்கு முன்பே கோயில்களில் இருந்த சொல்தான். பப்ரிசியஸ் "பராபரன்" என்று எழுதினார். பவர் குழு "தேவன்" என்றது. லார்சனும் துரைசாமியும் முன்னின்று செய்த 1936 திருத்திய மொழிபெயர்ப்பு "கடவுள்" என்று போட்டது. ஒவ்வொரு தடவையும் பழகிய சொல்லை எடுத்துவிட்டார்களே என்று மக்கள் வருந்தியிருப்பார்கள். பராபரனை எடுத்தபோதும் யாரோ ஒரு தாத்தா அழுதிருப்பார்.

எந்தச் சொல்லை எடுத்தாலும் அது நாம் கண்டுபிடித்த சொல் அல்ல, தமிழிடம் வாங்கிய சொல்தான். வாங்கிய சொல்லில் யாரைக் கூப்பிடுகிறோம் என்பதுதான் முக்கியம். ஜெபத்தில் "கர்த்தாவே" என்று வருகிறதா, அப்படியே கூப்பிடுங்கள். "ஆண்டவரே" என்று வருகிறதா, அதுவும் சரி.

புத்தகங்களின் பேரையே மாத்திட்டாங்க. பாஸ்டர் உபாகமம் என்று சொன்னால் நான் எங்கே தேட?

ஆதியாகமம் இப்போது தொடக்க நூல். யாத்திராகமம் விடுதலைப் பயணம். உபாகமம் இணைச்சட்டம். நியாயாதிபதிகள் நீதித் தலைவர்கள். நாளாகமம் குறிப்பேடு. சங்கீதம் திருப்பாடல்கள். பிரசங்கி சபை உரையாளர். அப்போஸ்தலர் நடபடிகள் திருத்தூதர் பணிகள். வெளிப்படுத்தின விசேஷம் திருவெளிப்பாடு. ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி அட்டைக்குள் ஒட்டி வைத்துவிடுங்கள். 2 மாதத்தில் அது தேவைப்படாது.

எங்கள் தாத்தாவின் பழைய கத்தோலிக்கப் புத்தகத்தில் சின்னப்பர், இராயப்பர் என்று இருக்கிறது. அவர்கள் யார்?

சின்னப்பர் பவுல். இராயப்பர் பேதுரு. அருளப்பர் யோவான். சூசையப்பர் யோசேப்பு. கத்தோலிக்கருக்கென்று தனி மொழிபெயர்ப்பு மரபு இருந்தது, அதன் பெயர்கள் இவை. தோட்டங்களில் சூசை, ராயப்பன், அருளப்பன், சின்னப்பன் என்று பெயர் வைத்தது இதிலிருந்துதான். அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் குடும்பத்தின் பெயர்கள் அதற்குள் இருக்கின்றன.

அப்போ திருவிவிலியம் கத்தோலிக்கருடையதுதானே? நாங்கள் வாசிக்கலாமா?

இல்லை, அது பொது மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்தது. கத்தோலிக்கர் ஏற்றுக்கொள்வது 73 நூல்கள், நாம் ஏற்றுக்கொள்வது 66. கூடுதலாக உள்ள 7 நூல்கள் தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, இரண்டு மக்கபேயர் ஆகியவை. அவை இல்லாமலும் அச்சிட்டிருக்கிறார்கள். வாங்கும்போது பொருளடக்கத்தைப் பாருங்கள். அவை உள்ள பதிப்பே கையில் இருந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. மீதி 66-ம் அதே நூல்கள்தான்.

எங்கள் லயத்தில் ஒரு காம்பராவில் (அறையில்) கத்தோலிக்கக் குடும்பம், அடுத்த காம்பராவில் மெதடிஸ்த குடும்பம். சுவர் ஒன்றுதான். இரண்டு வீட்டிலும் ஒரே வசனம் ஒரே சொற்களில் கேட்பது எவ்வளவு நல்ல காரியம்!

அம்மாயிக்கு (பாட்டிக்கு) புதியது பிடிக்கவே இல்லை. மாறச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாமா?

வேண்டாம். ஏன் என்று ஒரு சம்பவத்தால் சொல்கிறேன். கொட்டகலைப் பக்கம் ஒரு அம்மாயி படுக்கையில் இருந்தார். பள்ளிக்கூடம் போனதில்லை, எழுத்து தெரியாது. நான் புதியதைத் திறந்து 121-ம் திருப்பாடலை வாசித்தேன்: "மலைகளை நோக்கி என் கண்களை உயர்த்துகின்றேன்! எங்கிருந்து எனக்கு உதவி வரும்?" அம்மாயி கையை உயர்த்தி நிறுத்தினார். "அது இல்ல கண்ணு" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்." கடைசி வசனம் வரைக்கும் ஒரு சொல் பிசகவில்லை. எழுத்து தெரியாதவரிடமிருந்து அந்தச் சொற்களை எடுத்துவிட்டால் அவருடைய வேதாகமத்தையே பிடுங்கிக்கொண்டதாகிவிடும்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அம்மாயி சொன்னதில் மலைகளிலிருந்து உதவி வருவதுபோல் இருக்கிறது. மூல எபிரெயத்தில் அந்த இடத்தில் உள்ளது "எங்கிருந்து" என்ற கேள்விச் சொல். அதற்கு அடுத்த வசனம்தான் பதில்: வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரிடமிருந்து. இந்த இடத்தில் புதியது மூலத்துக்கு நெருக்கம். இதை அம்மாயிக்கு மெதுவாக விளக்கினேன். நம் பக்கம் மலைக்குப் போவது என்றால் வேலைக்குப் போவதுதானே. 40 வருடம் மலைக்குப் போனவர் அவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆமா, மலை எங்க தந்துச்சு. அவருதானே தந்தாரு" என்றார். மனப்பாடம் பழையதிலேயே இருக்கட்டும். விளக்கத்துக்குப் புதியதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழையதில் ஆபிரகாம் "போனான்", புதியதில் "போனார்". எது சரி?

எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் அவன், அவர் என்ற மரியாதை வேறுபாடே கிடையாது. ஆகவே தமிழில் எழுதுகிறவர்தான் முடிவெடுக்க வேண்டும். 1871-ல் கர்த்தருக்கும் இயேசுவுக்கும் மரியாதை கொடுத்துவிட்டு மனிதர்களை அவன், அவள் என்று எழுதினார்கள். மரியாளும் "என்றாள்"தான். கடவுளுக்கு முன் எல்லாரும் சமம் என்ற எண்ணம் அதில் தெரிகிறது என்று ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார். அதில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் எனக்குப் புதியதுதான் பிடிக்கிறது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக் களத்தில் தலைமுறை தலைமுறையாக வாடா, போடி என்று கூப்பிடப்பட்ட மக்கள் நாம். கிணற்றடியில் தண்ணீர் மொள்ள வந்த சமாரியப் பெண்ணை "என்றார்" என்று வேதம் சொல்லும்போது, கூடையை இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெண்களின் முகத்தைப் பார்க்கிறேன். குஷ்டரோகி என்பது தொழுநோயாளர் ஆனதும், குருடன் என்பது பார்வையற்றவர் ஆனதும் இதே வகைதான்.

இயேசு தன் தாயை "ஸ்திரீயே" என்று கூப்பிட்டது மரியாதைக் குறைவு இல்லையா?

யோவான் 2:4-ல் பழையது "ஸ்திரீயே, எனக்கும் உனக்கும் என்ன" என்கிறது. கிரேக்கத்தில் உள்ள சொல்லுக்கு நேர்ப்பொருள் பெண் என்பதுதான். ஆனால் அந்த மொழியில் பெரிய பெண்மணியையும் அப்படிக் கூப்பிடலாம், அவமதிப்பு இல்லை. சிலுவையில் தொங்கும்போதும் அதே சொல்லால்தான் தாயைக் கூப்பிட்டு அவளை ஒரு சீடனிடம் ஒப்படைக்கிறார். தமிழில் அந்தச் சொல்லை அப்படியே வைத்தால் சுடுகிறது. புதியது "அம்மா" என்று எழுதுகிறது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் பழையது நெருக்கம். காதில் விழும் தொனியைப் பார்த்தால் புதியது நெருக்கம். இப்படிப்பட்ட இடங்களில் இரண்டையும் சேர்த்து வாசிப்பதுதான் நல்லது.

மத்தேயு 17:21 புதியதில் இல்லை! வசனத்தை எடுத்துவிட்டார்களா?

இந்தக் கேள்வியோடு வருபவர்கள் கோபமாகத்தான் வருவார்கள். "இந்த ஜாதிப் பிசாசு ஜெபத்தினாலும் உபவாசத்தினாலுமேயன்றி மற்றெவ்விதத்தினாலும் புறப்பட்டுப்போகாது" என்ற வசனம் அது. (இங்கே ஜாதி என்றால் வகை. மேலே மத்தேயு 28:19-ல் வேறு பொருள் பார்த்தோம்.)

அச்சு வருவதற்கு முன் வேதத்தைக் கையால் பிரதி எடுத்தார்கள். எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516-ல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது அவர் கையில் இருந்தவை சில பிற்காலப் பிரதிகள்தான். பழைய ஆங்கில வேதாகமமும் நம் பழையதும் அந்த வழியில் வந்தவை. பிறகு அவற்றைவிட மிகவும் பழமையான பிரதிகள் கிடைத்தன. சீனாய் மலை மடத்தில் 1844-ல் முதல் ஏடுகள் கண்ணில் பட்ட சீனாய்ப் பிரதி அதில் ஒன்று, 4-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அப்படிப்பட்ட பழம்பிரதிகளில் மத்தேயுவின் இந்த வசனம் இல்லை. மாற்கு 9:29-ல் இதே சம்பவத்தில் இதே பேச்சு வருகிறது. அங்கிருந்து மனப்பாடமாக வந்து இங்கே ஒட்டிக்கொண்டது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். ஆகவே ஜெபத்தைப் பற்றிய போதனை எங்கேயும் போகவில்லை. மாற்கைத் திறந்து பாருங்கள்.

அப்போ 1 யோவான் 5:7? திரித்துவத்தையே எடுத்துட்டாங்களே!

"பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்" என்ற பகுதி. காரணம் மேலே சொன்னதுதான், ஆனால் இது இன்னும் தெளிவான விஷயம். எராஸ்மஸே தன் 1516 பதிப்பில் இதைப் போடவில்லை, ஏனென்றால் அவர் பார்த்த கிரேக்கப் பிரதிகளில் அது இல்லை. பிறகு எதிர்ப்பு வரவே, 1522-ல் வந்த மூன்றாம் பதிப்பில் சேர்த்தார்.

திரித்துவம் இந்த ஒரு வசனத்தில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லும் மத்தேயு 28:19 பழையதிலும் இருக்கிறது, புதியதிலும் இருக்கிறது. இயேசு யோர்தானில் முழுக்குப் பெறும் காட்சியும் அப்படியே இருக்கிறது.

ஏசாயா 7:14-ல் "கன்னிகை" எங்கே? "இளம்பெண்" என்று போட்டால் விசுவாசம் என்னாவது?

எபிரெயத்தில் அங்கே உள்ள சொல் அல்மா. மணவயதுள்ள இளம்பெண் என்று பொருள். இயேசுவுக்கு முன்பே யூதர்கள் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தபோது அதைக் கன்னி என்று எழுதினார்கள். மத்தேயு 1:23 அந்தக் கிரேக்கத்தைத்தான் எடுத்துக்காட்டுகிறது. 1947 முதல் சாக்கடல் குகைகளில் கிடைத்த ஏசாயா சுருளிலும் அல்மா என்றே இருக்கிறது. புதியது ஏசாயாவில் எபிரெயத்தைப் பின்பற்றுகிறது, மத்தேயுவில் கிரேக்கத்தைப் பின்பற்றிக் "கன்னி" என்கிறது. இரண்டு இடத்திலும் எதிரே இருந்த ஏட்டுக்கு உண்மையாக இருந்திருக்கிறார்கள். மரியாள் கன்னியாக இருந்தார் என்பதை மத்தேயுவும் லூக்காவும் நேரடியாகவே சொல்கிறார்கள்.

பிள்ளைக்குப் பரீட்சை வருகிறது. எதில் படிக்கட்டும்?

சாதாரண தரப் (ஓ/எல்) பரீட்சைக்குக் கிறிஸ்தவம் வேறு பாடம், கத்தோலிக்கம் வேறு பாடம். பிள்ளையின் பாடப்புத்தகத்தில் எந்தச் சொற்கள் இருக்கின்றனவோ, ஞானஸ்நானமா திருமுழுக்கா, சுவிசேஷமா நற்செய்தியா, அதே சொற்களில் விடை எழுதப் பழக்குங்கள். விளங்காத இடத்தை மட்டும் மற்றதில் பார்க்கலாம்.

மரண வீட்டில் எதை வாசிப்பது?

பழையதை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்று தொடங்கினால், பெட்டியைச் சுற்றி நிற்பவர்கள் தாங்களாகவே சேர்ந்து சொல்வார்கள். "ஆண்டவரே என் ஆயர்; எனக்கேதும் குறையில்லை" என்பது அழகான தமிழ்தான். ஆனால் அதை வாசித்தால் எல்லாரும் சும்மா நின்று கேட்பார்கள். அழுகிற நேரத்தில் வாய்க்குப் பழகிய சொல் வேண்டும். குடும்பம் கத்தோலிக்கமாக இருந்தால் அவர்களுக்குப் பழகியதை வாசியுங்கள். காரணம் அதேதான்.

ஒன்றுதான் வாங்கக் காசு இருக்கிறது. எதை வாங்க?

வீட்டில் யார் வாசிக்கிறார், யார் கேட்கிறார் என்று முதலில் பாருங்கள். பெரியவர்கள் கேட்கிறார்கள் என்றால் பழையது. பிள்ளைகள் தாங்களாக வாசிக்கத் தொடங்குகிறார்கள் என்றால் புதியது. கர்த்தர், தேவன் என்ற பழகிய சொற்கள் வேண்டும், வாக்கியம் மட்டும் எளிதாக இருக்கட்டும் என்பவர்களுக்கு எளிதாக வாசிக்கும் பதிப்பு ஒன்றும் இருக்கிறது. பழையது கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும், வாசித்துக் கேட்கும் ஒலிப்பதிவும் உண்டு. ஆகவே காசு கொடுத்துப் புதியதை வாங்கிவிட்டு, பழையதைக் கைபேசியில் வைத்துக்கொள்வதும் ஒரு வழி.

தாத்தாவின் பிரதியையே பிள்ளைக்குக் கொடுக்க நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். 1978-ல் தமிழ்நாட்டில் எழுத்தைத் திருத்துவதற்கு முன் அச்சானவற்றில் னை, லை, றா போன்ற எழுத்துகளின் வடிவமே வேறு. பிள்ளை அங்கேயே தடுக்கி நின்றுவிடும். கடையில் வாங்கும்போதும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.